முதல் சிஎம்எஸ் எதுல கட்டுறது: வேர்ட்பிரஸா, ஜாங்கோவா, இல்ல கையாலயே எழுதுறதா?

ப்ரோக்ராமிங் படிக்க ஆரம்பிச்சு நாலஞ்சு மாசம் ஆனதும் நிறைய பேருக்கு வர்ற ஆசை இது. நமக்குன்னு ஒரு சின்ன சிஎம்எஸ், அதாவது சைட்ல வர்ற கட்டுரைகளை நிர்வகிக்கற சாஃப்ட்வேர், எழுதணும், லாகின் பண்ணி உள்ள போய் தலைப்பு அடிச்சு கட்டுரை எழுதி சேவ் கொடுத்தா சைட்ல வந்துடணும், தப்பு இருந்தா திருத்தணும், வேண்டாம்னா அழிக்கணும், அவ்வளவுதான். ஆனா இதை எதுல பண்றதுன்னு தேட உக்காந்தா ஒருத்தர் வேர்ட்பிரஸ் போதும்ங்கறாரு, இன்னொருத்தர் பைதான்ல சைட் கட்ட உதவற ஜாங்கோ கத்துக்கோங்கறாரு, மூணாவது ஆள் டேட்டாபேஸே வேண்டாம் வெறும் ஃபைல் போதும்ங்கறாரு, கடைசில எதையும் தொடாமலே ரெண்டு வாரம் ஓடிடும். எனக்கு அப்படித்தான் ஓடிச்சு. அதுக்கப்புறம் இதுல பெரும்பாலானதை ஒவ்வொண்ணா நானே கட்டிப் பாத்துட்டேன், எது யாருக்கு ஒத்துவரும்னு எனக்குப் பட்டதை சொல்றேன்.

எந்த வழியா இருந்தாலும் நான் ஒரே கேள்விதான் கேப்பேன். நீங்க சேவ் பட்டனை அமுக்குனதுல இருந்து அந்தக் கட்டுரை படிக்கிறவங்க ஸ்கிரீன்ல வர்ற வரைக்கும் அது போற பாதை உங்க கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியுது? சைட் சீக்கிரம் வேணும்ங்கறவங்களுக்கு இந்தப் பாதை தெரியணும்னு அவசியமே இல்ல, வேலை நடந்தா சரி. கத்துக்கணும்னு வந்தவங்களுக்கு முழுசும் தெரிஞ்சே ஆகணும், ஏன்னா ஏதாவது உடையும்போது எந்த இடத்துல உடைஞ்சதுன்னு தேடிப் பிடிக்கறதுதான் இந்த வேலையில பாதி. இந்த ரெண்டு தேவையையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறதாலதான் முக்காவாசிப் பேர் தப்பான இடத்துல ஆரம்பிக்கறாங்கன்னு நினைக்கறேன்.

வேர்ட்பிரஸ் 2003-ல வந்தது, மாட் முல்லன்வெக், மைக் லிட்டில்னு ரெண்டு பேர் பி2-ங்கற ஒரு பழைய சாஃப்ட்வேரோட கோடை எடுத்து வளத்தாங்க, இன்னிக்கு உலகத்துல அதிகமா ஓடுற சிஎம்எஸ் அதுதான். இன்ஸ்டால் பண்ண பத்து நிமிஷம் கூட ஆகாது, தீம் இருக்கு, ப்ளகின் இருக்கு, படம் ஏத்தறதுக்கு வசதி இருக்கு, பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போற வசதி கூட இருக்கு. உங்க சைட்ட வேற யாரோ தினமும் உக்காந்து எழுதப் போறாங்க, அவங்களுக்கு கோட் தெரியாது, அடுத்த வாரமே வேணும்னா யோசிக்கவே வேண்டாம், இதையே போட்டுக் கொடுத்துடுங்க. மத்தவங்க நம்பி எழுதற இடத்துல நம்மளோட முதல் முயற்சியை வைக்கறது சரியில்ல.

ஆனா கத்துக்கற விஷயத்துல இது ரொம்பக் கம்மியாத்தான் கொடுக்கும். வேர்ட்பிரஸ்ல ஆறு மாசம் இருந்தா வேர்ட்பிரஸ் தெரியும், ஒரு ஃபார்ம்ல அடிச்ச எழுத்து எப்படி டேட்டாபேஸுக்குப் போகுதுன்னு தெரியாது. ஒரே ஒரு நல்ல உபயோகம் இருக்கு, அதோட டேட்டாபேஸைத் திறந்து பாருங்க. மொத்தம் 12 டேபிள்தான். அதுல போஸ்ட்ஸ்ங்கற ஒரே டேபிள்ல கட்டுரை, பக்கம், ஏத்துன படத்தோட விவரம், பழைய வெர்ஷன்கள், மெனுல வர்ற ஐட்டம் எல்லாமே கிடக்கும், எது எதுன்னு பிரிக்கறது போஸ்ட் டைப்னு ஒரே ஒரு காலம் (டேபிள்ல மேல இருந்து கீழ போற கட்டம்). இவ்வளவு பெரிய சாஃப்ட்வேர் இவ்வளவு எளிமையான டேபிள் மேல நிக்குதுன்னு பாத்ததுக்கு அப்புறம்தான் எனக்கு நாமளும் எழுதலாம்னு தைரியமே வந்துச்சு.

அங்கேயே இன்னொண்ணும் பாத்தேன். தமிழ்ல தலைப்பு வச்சா லிங்க் பாதியில வெட்டுப்படும், ஏன்னு ரொம்ப நாள் புரியல. டேட்டாபேஸைப் பாத்தா லிங்க்கை வைக்கிற காலம் 200 எழுத்து, தமிழ் எழுத்தை அப்படியே வைக்காம சதவீதக் குறி போட்டு மாத்தி வைக்குது. எழுத்தை கம்ப்யூட்டர்ல பைட்டா வைக்கிற யூடிஎஃப்-8 முறையில தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொண்ணும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் மூணு எழுத்தா விரியும், ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. 200-ஐ 9-ஆல வகுத்தா 22 குறிதான் தாங்கும், அதுவும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியா எண்ணப்படும். அதனாலதான் நாலாவது அஞ்சாவது வார்த்தைக்கு மேல போகவே மாட்டேங்குது. பாதை தெரிஞ்சா இந்த மாதிரி ஒரு விஷயம் அஞ்சு நிமிஷத்துல விளங்கிடும், தெரியலன்னா ப்ளகின் மேல ப்ளகினா போட்டுப் பாத்துட்டே இருப்போம்.

அடுத்தது ஸ்டாட்டிக் ஜெனரேட்டர், ஜெக்கில், ஹியூகோ மாதிரி. மார்க்டவுன்ல, அதாவது சாதாரண எழுத்துக்கு நடுவுல சின்னச் சின்னக் குறி போட்டு, ஃபைல் எழுதி கமாண்ட் கொடுத்தா மொத்த சைட்டும் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களா வந்து விழும். ஜெக்கில் 2008-ல வந்தது, கிட்ஹப்ல சைட் வைக்கற வசதியான கிட்ஹப் பேஜஸ் அதை நேரடியா ஓட்டும். டேட்டாபேஸ் இல்ல, லாகின் இல்ல, அதனால உடைச்சு உள்ள வர்றதுக்கும் பெருசா ஒண்ணும் இல்ல, வேகமும் பிரமாதமா இருக்கும். எழுதறதும் நீங்க, கோடும் நீங்கன்னா இது அருமையான தேர்வு. ஆனா இது சிஎம்எஸ் கட்டக் கத்துக் கொடுக்காது, நீங்க கத்துக்க வந்த விஷயத்தையே இது தேவையில்லாம பண்ணிடுது. அதனால இதுல நான் ரொம்ப நேரம் நிக்கல.

இனி கையால எழுதறது. இதுல ரெண்டு கிளை இருக்கு, ஃபைல்ல வைக்கறதா டேட்டாபேஸ்ல வைக்கறதா.

ஃபைல் வழி ரொம்ப ஆசையைத் தூண்டும். ஒரு ஃபோல்டர், ஒரு கட்டுரைக்கு ஒரு ஃபைல், சேவ் கொடுத்தா ஃபைல்ல எழுது, பக்கம் கேட்டா ஃபைலைப் படிச்சுக் காட்டு. பாதை கண்ணாடி மாதிரி தெரியும், ஃபோல்டரைத் திறந்தா கட்டுரை அங்க இருக்கும். முதல் வாரத்துக்கு இதை விட நல்ல பயிற்சி கிடையாதுன்னே சொல்லுவேன். ஆனா முகப்புப் பக்கத்துல தேதிவாரியா வரிசைப்படுத்தணும்னு வரும்போது எல்லா ஃபைலையும் திறந்து தேதியைப் படிக்கணும், அப்புறம் தேடல் வேணும்னா எல்லாத்தையும் திறந்து தேடணும், அப்புறம் குறிச்சொல் வேணும்னா அதுக்குத் தனியா ஒரு ஃபைல், கொஞ்ச நாள்ல நீங்களே அரைகுறையா ஒரு டேட்டாபேஸ் எழுதிட்டு இருப்பீங்க. ஒரே கட்டுரையை ரெண்டு டேப்ல திறந்து வச்சு ரெண்டுலயும் சேவ் பண்ணா முதல்ல திருத்துனது சத்தமே இல்லாம போயிடும், இது டேட்டாபேஸ்லயும் நடக்கும்தான், ஆனா அங்க தடுக்கறது சுலபம். இன்னொரு ஆபத்தும் உண்டு, லிங்க்ல வர்ற பெயரை அப்படியே ஃபைல் பெயரா எடுத்தீங்கன்னா யாராவது ரெண்டு புள்ளி ஒரு சாய்கோடு போட்டு ஃபோல்டரை விட்டு வெளிய போய் உங்க பாஸ்வேர்ட் இருக்கற ஃபைலையே படிச்சுட்டுப் போகலாம். அதனால பெயர்ல எது வரலாம்னு கண்டிப்பா சரி பாக்கணும்.

நான் ஆரம்பிக்கிறவங்களுக்கு சொல்றது ரெண்டாவது கிளையைத்தான், ஃபிரேம்வொர்க், அதாவது தயாரா கிடைக்கற கோட் தொகுப்பு, எதுவும் இல்லாத வெறும் பிஎச்பி மொழி, கூட எஸ்க்யூலைட்ங்கற சின்ன டேட்டாபேஸ். பிஎச்பின்னதும் முகம் சுளிக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, தெரியும். ரஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-ல வெளியிட்டப்போ இருந்த மொழி இல்ல அது இப்போ, நல்லாவே வளந்திருக்கு. எனக்கு அதுல பிடிச்சது ஒண்ணு, ஒரு பக்கம்னா ஒரு ஃபைல். எடிட் பக்கம் உடைஞ்சா எடிட் ஃபைலைத் திறந்தாப் போதும். 2012-ல இருந்து சோதனைக்கான சர்வர் அதுக்குள்ளேயே வருது, ஒரு கமாண்ட் கொடுத்தா உங்க கம்ப்யூட்டர்லயே ஓடும், தனியா எதையும் இன்ஸ்டால் பண்ணி மல்லுக்கட்ட வேண்டாம். எஸ்க்யூலைட்டும் அப்படித்தான், 2000-ல இருந்து இருக்கு, மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல், யூசர் பாஸ்வேர்ட் செட்டப் எதுவும் கிடையாது, ஏதாவது கெட்டுப்போச்சுன்னா ஃபைலை அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கலாம்.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஏன் வேண்டாம்னு கேப்பீங்க. வேண்டாம்னு சொல்லல, முதல் ப்ராஜெக்ட்டுக்கு அது கூடுதல் சுமை. எஸ்க்யூலைட்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எழுத முடியும்ங்கறது உண்மை, ஆனா ஒரு எழுத்து வேலை முடியறதுக்கு ஆகற நேரம் மில்லிசெகண்ட் கணக்கு, ரெண்டு மூணு பேர் எழுதற சைட்டுக்கு அது ஒரு பிரச்சனையே இல்ல. மைஎஸ்க்யூஎல்ல எழுத்துக்குறி செட்டிங்னு ஒரு கண்ணி வேற இருக்கு, 8.0 வெர்ஷன் வர்ற வரைக்கும் சும்மா விட்டா ஐரோப்பிய எழுத்துக்கான லத்தீன்-1தான், அதுல தமிழ் போட்டா கேள்விக்குறி வரிசையா வரும், யூடிஎஃப்-8ன்னு பேர் போட்டிருக்கற செட்டிங்கும் 3 பைட் வரைதான் தாங்கும், தமிழ் நிக்கும், இமோஜி நிக்காது. யூடிஎஃப்8எம்பி4-ன்னு குறிப்பா சொல்லணும். இதையெல்லாம் முதல் வாரத்துல தெரிஞ்சுக்கணும்னு என்ன இருக்கு?

டேபிள் ஒண்ணு போதும், அடையாள எண், தலைப்பு, லிங்க் பெயர், உள்ளடக்கம், நிலை, உருவான நேரம், திருத்துன நேரம். நிலைங்கறது வரைவா வெளியிட்டதான்னு சொல்ற காலம், இதை முதல் நாளே வச்சுடுங்க, பின்னாடி சேக்கறது எரிச்சல் புடிச்ச வேலை. பக்கம் ஒரு ஆறு ஏழு, மொத்தம் முந்நூறு நானூறு வரிக்குள்ள அடங்கிடும்.

இப்ப இந்த வழியோட கெட்ட பக்கத்தையும் முழுசா சொல்லணும், ஏன்னா நான் பரிந்துரைக்கறதாலேயே அதை மறைக்கக் கூடாது. வெறும் பிஎச்பி உங்களை எதுல இருந்தும் காப்பாத்தாது. ஃபார்ம்ல வந்ததை டேட்டாபேஸுக்குக் கொடுக்கற எஸ்க்யூஎல் கட்டளைக்குள்ள நேரா ஒட்டுனீங்கன்னா, தலைப்புல ஒத்தை மேற்கோள் வந்த அன்னிக்கு உடையும், தமிழ்ல நாம அதைக் கம்மியாத்தான் போடுவோம்ங்கறதால பல மாசம் தெரியாமலே ஓடிட்டு இருக்கும், தெரிஞ்சவன் ஒருத்தன் வந்தான்னா மொத்த டேபிளையும் காலி பண்ணிட்டுப் போயிடுவான். டேட்டாபேஸோட பேச பிஎச்பில பிடிஓ-ன்னு ஒண்ணு இருக்கு, அதுல கட்டளையையும் ஃபார்ம்ல வந்ததையும் தனித்தனியா அனுப்பற ப்ரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட் மட்டும்தான் எழுதுவேன்னு ஒரு உறுதி எடுத்துக்கோங்க. பழைய டுடோரியல் பலதுல மைஎஸ்க்யூஎல் க்வெரின்னு வர்ற பழைய ஃபங்ஷன் இருக்கும், அது 2015-ல பிஎச்பி 7 வந்தப்பவே தூக்கியாச்சு, அதைக் கண்டா அந்த டுடோரியலை அப்படியே மூடிடுங்க. பாஸ்வேர்டை எம்டி5-ங்கற சுலபமா உடைக்கக்கூடிய பழைய முறையில வைக்கச் சொல்றதும் அதே ரகம். 2013-ல இருந்து பாஸ்வேர்ட் ஹேஷ்னு பிஎச்பிக்குள்ளேயே ஃபங்ஷன் இருக்கு, ஒரே வரி.

எச்டிஎம்எல் குறிகளை மாத்தறது எங்கங்கறதும் பலர் தடுமாறுற இடம். நான் முதல்ல டேட்டாபேஸ்ல வைக்கும்போதே மாத்தி வச்சேன், பத்திரமா இருக்கட்டும்னு. ஒரு கட்டுரைத் தலைப்புல ஆண்ட் குறி (&) இருந்துச்சு, ஒரு தடவை திருத்திட்டு சேவ் பண்ணேன், குறிக்குப் பின்னாடி ஏஎம்பின்னு ஒட்டிக்கிச்சு, இன்னொரு தடவை திருத்துனேன், ரெண்டு ஏஎம்பி, ஒவ்வொரு சேவுக்கும் ஒண்ணு வளந்துட்டே போச்சு. எடுத்ததை ஃபார்ம்ல காட்டும்போது ஒரு தடவை மாத்தி, சேவ் பண்ணும்போது அதையே மறுபடியும் மாத்தி வச்சிருக்கேன். டேட்டாபேஸ்ல எழுதுனது எழுதுனபடி இருக்கணும், ஸ்கிரீன்ல காட்டும்போது மாத்தணும், இதை அன்னிக்குப் புரிஞ்சுக்கிட்டது இன்னிக்கு வரைக்கும் மறக்கல.

அழிக்கறதுல பட்டது அதை விடப் பெருசு. அழிக்க ஒரு லிங்க் வச்சிருந்தேன், கட்டுரை எண் லிங்க்லயே இருக்கும், கிளிக் பண்ணா அழிஞ்சுடும். கடைசியா எழுதுன 12-ஆம் எண் கட்டுரை பிடிக்காம அழிச்சேன், அந்த டேப் அப்படியே திறந்து கிடந்துச்சு. அன்னிக்கே புதுசா ஒண்ணு ரெண்டு மணிநேரம் உக்காந்து எழுதி வெளியிட்டேன். மறுநாள் ப்ரவுசரைத் திறந்தா அது முந்தின நாள் டேப் எல்லாத்தையும் திரும்ப லோட் பண்ணுது, சைட்டைப் பாத்தா புதுக் கட்டுரையைக் காணோம். எஸ்க்யூலைட்ல ஆட்டோஇன்க்ரிமெண்ட்னு குறிப்பா சொல்லலன்னா, இருக்கறதுலயே பெரிய எண்ணோட ஒண்ணைக் கூட்டித்தான் அடுத்த எண் கொடுக்கும், கடைசி வரியை அழிச்சதால புதுக் கட்டுரைக்கும் 12-தான் கிடைச்சிருக்கு, திறந்து கிடந்த டேப் 12-ஐ மறுபடியும் அழிச்சிருக்கு. பேக்கப் கிடையாது. மூணு பாடம் ஒரே நாள்ல வந்துச்சு, அழிக்கறது எப்பவும் லிங்க்ல இல்லாம போஸ்ட் முறையில அனுப்பற ஃபார்ம் வழியா மட்டும், முடிஞ்சதும் வேற பக்கத்துக்கு அனுப்பிடணும், அப்புறம் நிஜமா அழிக்காம நிலைங்கற காலத்துல அழிச்சதுன்னு மாத்தி வச்சாப் போதும். ஃபிரேம்வொர்க்ல ஆரம்பிச்சிருந்தா இது நடந்திருக்காது, நடக்காம இருந்ததுக்குக் காரணம் என்னன்னும் எனக்குத் தெரிஞ்சிருக்காது.

தமிழ்ல எழுதப் போறீங்கன்னா இன்னொண்ணு. முகப்புல கட்டுரையோட முதல் 200 எழுத்தை மட்டும் காட்டலாம்னு சாதாரண ஃபங்ஷனை வச்சு வெட்டுனா முடிவுல கறுப்பு வைரத்துக்குள்ள கேள்விக்குறி வந்து நிக்கும். அம்மாங்கற சொல்லை அளந்து பாத்தா அது 15-னு சொல்லும், அது எண்றது பைட்டை. எம்பி-ன்னு ஆரம்பிக்கற ஃபங்ஷன் 5-னு சொல்லும், ஆனா நாம எண்ணுனா மூணு எழுத்து. அதுல வெட்டுனாலும் கால் தனியா மெய் தனியா பிரிய வாய்ப்பிருக்கு, அதனால எழுத்துல வெட்டாம சொல்லுக்கு நடுவுல இருக்கற இடைவெளியில வெட்டுங்க, வேலை முடிஞ்சது.

பிஎச்பி வேண்டாம், பைதான்தான் தெரியும்னா ஃபிளாஸ்க்ங்கற சின்ன ஃபிரேம்வொர்க்கை எடுங்க. எஸ்க்யூலைட்டோட பேசற வசதி பைதான்கூடவே வருது, கோடும் கிட்டத்தட்ட அதே அளவுதான், அதோட ஜின்ஜா டெம்ப்ளேட் எச்டிஎம்எல் குறிகளைத் தானாவே மாத்திக் காட்டிடும், இது வெறும் பிஎச்பியை விட ஒரு படி பத்திரம். ஹோஸ்டிங்ல ஏத்தறதுதான் கொஞ்சம் வேலை வாங்கும், பிஎச்பின்னா ஃபைலைக் கொண்டுபோய்ப் போட்டா ஓடும், இங்க ஆப்பை ஓட்ட ஒரு சர்வர் செட் பண்ணணும். பாதை தெரியறதுல ரெண்டுக்கும் எனக்கு வித்தியாசம் படல, தெரிஞ்ச மொழியில போங்க.

ஜாங்கோ தனியாப் பேச வேண்டியது. அது பிறந்ததே அமெரிக்காவுல கான்சஸ் மாநிலத்துல லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்னு ஒரு செய்தித்தாள் ஆபீஸ்ல, செய்தியாளர்கள் அவசரமா எழுதி ஏத்த வேண்டிய சைட்டுகளுக்காக, 2005-ல வெளிய விட்டாங்க. அதனால சிஎம்எஸ் மாதிரி வேலைக்கு அது தச்சு வச்ச சட்டை. மாடல்னு டேபிளை விவரிச்சு அட்மின்ல (அதுல கூடவே வர்ற நிர்வாகப் பக்கம்) ஒரு வரி சேத்தா, பட்டியல், எடிட் ஃபார்ம், லாகின், யாருக்கு என்ன அனுமதி எல்லாம் தயாரா நிக்கும். நான் ரெண்டு வாரம் எழுதுனதை அது இருபது வரியில கொடுத்துச்சு. ஃபார்ம் பத்திரம், பாஸ்வேர்ட் எல்லாம் அதுவே பாத்துக்கும், சும்மா விட்டா எஸ்க்யூலைட்லயே ஓடும்.

அப்ப ஏன் முதல்ல இதையே எடுக்கக் கூடாது? எடுக்கலாம், ஒரு அனுபவம் உள்ளவர் பக்கத்துல இருந்து கேள்விக்குப் பதில் சொல்வாருன்னா. தனியா இருக்கறவங்களுக்குக் கஷ்டம் எங்க வருதுன்னா அட்மின்ல ஏதாவது ஒண்ணை நமக்கு வேண்டியபடி மாத்தணும்னு தோணும்போது, அதுவரைக்கும் தண்ணி மாதிரி போனது அங்க பாறையில முட்டும், ஏன்னா பாதை முழுக்க வேற யாரோ போட்டது. லிங்க் பெயர் உருவாக்கறதையே எடுத்துக்கோங்க, அதுல ஸ்லக்கிஃபைனு ஒரு ஃபங்ஷன் இருக்கு, யூனிகோடுக்கு அனுமதி கொடுத்து தமிழ்ங்கற சொல்லைப் போட்டா 'தமழ'ன்னு வரும், இகரக் குறியையும் புள்ளியையும் அது எழுத்தா எடுத்துக்கறதில்ல, தூக்கிப் போட்டுடும். லிங்க் பெயர்னா ஒரு காலத்துல கிடக்கற சாதாரண எழுத்துத் தொடர்தான்னு தெரிஞ்சவர் அஞ்சு வரியில சொந்தமா ஒரு ஃபங்ஷன் எழுதி மாட்டிட்டுப் போயிடுவார். தெரியாதவர் ஜாங்கோவுக்கு தமிழ் வராதுன்னு முடிவு பண்ணிடுவார்.

லாரவெல்ங்கற பிஎச்பி ஃபிரேம்வொர்க்குக்கும் நான் சொல்றது இதேதான், பிஎச்பி பக்கம் வந்தவங்களுக்கு ரெண்டாவது ப்ராஜெக்ட்டா நல்லா இருக்கும், ஆனா அட்மின் பக்கம் ஜாங்கோ மாதிரி கூடவே வராது, தனியா சேக்கணும். சர்வர்ல ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டற நோட்.ஜேஎஸ்ல ஸ்ட்ராபி மாதிரி ஹெட்லெஸ் சிஎம்எஸ் இருக்கு, எழுதற இடம் ஒண்ணு, காட்டற சைட் இன்னொண்ணு, ரெண்டையும் ஏபிஐ (சாஃப்ட்வேர்கள் ஒண்ணோடொண்ணு பேசிக்கற வழி) வழியா இணைக்கணும். ரெண்டு ப்ராஜெக்ட்டை ஒரே நேரத்துல கத்துக்கறது மாதிரி அது, ஆரம்பத்துல வேண்டாம்.

எதை எடுத்தாலும் எழுதற பெட்டி விஷயத்துல மட்டும் சிக்கிக்காதீங்க. போல்ட், இட்டாலிக், கலர் எல்லாம் இருக்கற எடிட்டரை மாட்டப் போனா ஒரு வாரம் அதுலயே போயிடும், அது உருவாக்கற எச்டிஎம்எல்லைச் சுத்தம் பண்றது தனி வேலை, வேற இடத்துல இருந்து காப்பி பண்ணி ஒட்டுனா குப்பை எல்லாம் கூடவே வரும். வெறும் டெக்ஸ்ட் பெட்டி, அதுல மார்க்டவுன், இது போதும். படம் ஏத்தற வசதியையும் தள்ளிப் போடலாம், அது பாக்கறதை விட ஆபத்தானது, படம்னு பேர் வச்சு பிஎச்பி ஃபைலை ஏத்தி ஓட்டிட முடியும், அதனால ஃபைல் பெயரை நீங்களே வைக்கணும், உள்ள இருக்கறது நிஜமா படம்தானான்னு பாக்கணும், அந்த ஃபோல்டர்ல கோட் ஓடாதபடி செட் பண்ணணும்.

என் பழைய பிஎச்பி சிஎம்எஸ் எட்டு மாசம் ஓடிச்சு, அப்புறம் ஜாங்கோவுக்கு மாறுனேன். பெரிய வேலையா இருக்கும்னு ஒரு வார லீவு ஒதுக்கி வச்சிருந்தேன். அந்த எஸ்க்யூலைட் ஃபைலை அப்படியே கொண்டுபோய் வச்சு இன்ஸ்பெக்ட்டிபின்னு ஒரு கமாண்ட் கொடுத்தேன், அது டேபிளைப் படிச்சு மாடலைத் தானே எழுதிக் கொடுத்துச்சு, ஒவ்வொரு காலமும் நான் வச்ச பெயர்லயே இருந்துச்சு. அட்மின்ல ஒரு வரி சேத்துட்டு லாகின் பண்ணேன், எல்லாக் கட்டுரையும் அங்க வரிசையா இருந்துச்சு, ரெண்டு மணிநேரம் உக்காந்து எழுதுன அந்த ஒரு கட்டுரை மட்டும் இல்ல.